நம்ம தெரு கோடை விழா, தண்டையார்பேட்டை (வாட்ஸ்அப் குழு)

அங்கன்வாடி டீச்சர், காலை 7.05
எல்லோருக்கும் வணக்கம். மே கடைசி சனி, ஞாயிறு இரண்டு மாலையும் நம் தெருவில் விழா. ஸ்டேஷனில் கடிதம் கொடுத்தாகிவிட்டது. இரவு பத்து மணிக்கு மேல் மைக் ஓடக் கூடாது, அது சட்டம். ஆறு மணிக்கு ஆரம்பித்தால்தான் நாலு மணி நேரம் கிடைக்கும். நேற்று வரை சேர்ந்த பணம் 38,500 ரூபாய். யார் யாரைக் கூப்பிடுவது என்று இன்றைக்கே பேசி முடிப்போம். ஜூனில் பள்ளி திறந்துவிட்டால் பிள்ளைகளைப் பிடிக்க முடியாது.

மூணாம் நம்பர் தம்பி, காலை 7.11
டீச்சர், சனிக்கிழமை டிஜே வைத்துவிடலாம். தெரிந்த பையன்தான். லைட்டோடு சேர்த்து 22,000 கேட்கிறான்.

டெய்லர் அண்ணன், காலை 7.14
22 கொடுத்துவிட்டால் மீதி என்னடா இருக்கும்? கூத்துக்கு செய்யாறு பக்கத்திலிருந்து ஆள் வர வேண்டும். பத்து பன்னிரண்டு பேர். வேன் வாடகை, சாப்பாடு எல்லாம் இருக்கிறது.

மூணாம் நம்பர் தம்பி, காலை 7.15
கூத்து போன வருடமே வைத்தோமே அண்ணே.

அங்கன்வாடி டீச்சர், காலை 7.32
போன வருடம் வைத்தோம், சரி. எப்படி வைத்தோம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மெல்லிசைக் குழுவுக்கு மேடை ஏறும் முன்பே முழுப் பணமும் கொடுத்தோம். கூத்துக்காரர்கள் ஆடி முடித்து, வேர்வையில் அரிதாரம் வழிய, டெய்லர் கடைத் திண்ணையில் இரண்டு மணி வரை சம்பளத்துக்காக உட்கார்ந்திருந்தார்கள். கட்டியங்காரன் வேஷம் போட்ட பெரியவர் என்னிடம் ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லை. "பஸ் போயிடும்மா" என்று மட்டும் சொன்னார். கணக்கு என் கையில்தான் இருந்தது, அதில் என் பொறுப்பும் உண்டு. இந்த வருடம் அது நடக்கக் கூடாது. யார் மேடை ஏறினாலும் ஏறுவதற்கு முன்னால் கையில் பணம்.

வாத்தியார் ஐயா, காலை 8.02
டீச்சர் சொல்வது நியாயம். நானும் ஒன்று சொல்கிறேன், கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள். நம் பக்கத்தில் பாட்டுக்கும் கூத்துக்கும் என்றைக்குமே குறை இருந்ததில்லை. தியாகராஜர் திருவொற்றியூர் வந்து திரிபுரசுந்தரி மேல் ஐந்து கீர்த்தனைகள் பாடினார். வள்ளலார் ஏழுகிணற்றில் குடியிருந்த காலத்தில் ஒற்றியூருக்குப் போய் வந்து வடிவுடை மாணிக்க மாலை பாடினார். வால்டாக்ஸ் ரோட்டில் ஒற்றைவாடைக் கொட்டகையில் நாடகக் கம்பெனிகள் மாதக்கணக்கில் தங்கி நாடகம் போட்டன. துறைமுகத்துக்கும் மில்லுக்கும் வேலை தேடி வந்த வட ஆர்க்காடு, செங்கல்பட்டு ஜனங்கள் கூடவே பாரதக் கூத்தையும் கொண்டுவந்தார்கள். இவ்வளவு இருக்கிற இடத்தில் நாம் ஏன் வெளியிலிருந்து ஒரு பெட்டியைக் கொண்டுவந்து பாட்டுப் போட வேண்டும்?

பேப்பர் கடை பாய், காலை 8.10
ஐயா, குணங்குடியாரை விட்டுவிட்டீர்களே.

வாத்தியார் ஐயா, காலை 8.11
நீங்கள் சொல்வீர்கள் என்று உங்களுக்காக விட்டேன் பாய்.

பேப்பர் கடை பாய், காலை 8.19
பாட்டுப் பாடிய சூஃபி ஞானி குணங்குடி மஸ்தான் சாகிபு 1838-ல் மறைந்தார். அடங்கியிருப்பது நம் பக்கம்தான். தொண்டிப் பக்கத்திலிருந்து வந்தவர் என்பதால் ஜனங்கள் தொண்டியார் என்று கூப்பிட்டார்கள், அதனால்தான் இந்த இடத்துக்குத் தண்டையார்பேட்டை என்று பெயர் வந்தது என்பார்கள். கானா பாடும் பெரியவர்களைக் கேட்டால், எங்கள் பாட்டுக்கு வேர் மஸ்தான் பாட்டில் இருக்கிறது என்பார்கள். என் வாப்பா கடையைப் பூட்டிவிட்டு ராத்திரியில் இரண்டு பாட்டு பாடுவார். எனக்கு ஒன்று முழுதாகத் தெரியும். பாடச் சொன்னால் பாடுகிறேன். காசு வேண்டாம்.

அங்கன்வாடி டீச்சர், காலை 8.21
பாய், உங்கள் பாட்டு ஞாயிறு முதல் பாட்டு. எழுதிக்கொண்டேன்.

மூணாம் நம்பர் தம்பி, காலை 8.40
கானா என்று சொன்னதால் கேட்கிறேன். நான் பாடலாமா?

டெய்லர் அண்ணன், காலை 8.41
நீ பாடுவியா!

மூணாம் நம்பர் தம்பி, காலை 8.52
பாடுவேன் அண்ணே. வீட்டில் சொன்னதில்லை. 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் என்ற கானா இசைக்குழு முதல் முறை மேடை ஏறியபோது நான் ஸ்கூல் பையன், கூட்டத்தில் கடைசியில் நின்றேன். நம் தெருமுனையில் துக்க வீட்டில் ராத்திரி பாடுகிற அதே பாட்டு, அதே டோலக். ஆனால் அங்கே ஆயிரக்கணக்கில் ஜனம் நின்று கேட்டது. அன்றைக்கே நாலு வரி எழுதினேன். இப்போது ஆறு பாட்டு இருக்கிறது. ஒன்று நம் மேம்பாலத்தைப் பற்றி.

அங்கன்வாடி டீச்சர், காலை 8.55
பிறகு எதற்கப்பா 22,000-க்கு டிஜே? உனக்கும் டோலக் வாசிக்கிறவருக்கும் நாற்பது நிமிடம். சம்பளமும் உண்டு, மறுக்கக் கூடாது.

மூணாம் நம்பர் தம்பி, காலை 8.56
சரி டீச்சர். டிஜே பையனிடம் வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன்.

போட் அண்ணன், காலை 9.20
காசிமேட்டுப் பக்கத்து வீடுகள் சார்பாகச் சொல்கிறேன். ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், 61 நாள். விசைப்படகெல்லாம் கரையில் கிடக்கிறது. எங்கள் பதினோரு வீட்டிலும் இப்போது கையில் காசு இல்லை, உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ஆனால் ஆள் இருக்கிறோம், நேரம் இருக்கிறது. பந்தல், மேடை, நாற்காலி தூக்குவது எல்லாம் எங்கள் பொறுப்பு. கூலிக்கு ஆள் பிடிக்க வேண்டாம்.

டெய்லர் அண்ணன், காலை 9.22
பந்தலுக்கு மட்டும் போன வருடம் 7,000 ஆச்சு. அது மிச்சம்.

போட் அண்ணன், காலை 9.27
இன்னொன்று. மேடைக்குப் பின்னால் பிளெக்ஸ் பேனர் வேண்டாம். கிழிந்த பழைய வலை நிறைய இருக்கிறது. அதைக் கட்டித் தொங்கவிடலாம். மிதவைக் கட்டைகளுக்குப் பிள்ளைகள் பெயின்ட் அடிக்கட்டும். மீன், நண்டு, படகு, என்ன வேண்டுமானாலும். சனிக்கிழமை காலையில் எங்கள் வாசலுக்கு அனுப்பி வையுங்கள்.

அங்கன்வாடி டீச்சர், காலை 9.30
படிக்கும்போதே கண்ணில் தெரிகிறது அண்ணே. அங்கன்வாடிப் பிள்ளைகளையும் கூட்டி வருகிறேன். அந்த வீடுகளில் யாரும் வசூலுக்குப் போக வேண்டாம் என்று எல்லோருக்கும் சொல்லிவிடுகிறேன்.

வாத்தியார் ஐயா, காலை 10.05
கூத்துக் குழுவிடம் போனில் பேசிவிட்டேன். முழு ராத்திரிக் கூத்துக்கு வழியில்லை. கர்ணன் போருக்குப் புறப்படும் முன் பொன்னுருவியிடம் விடைபெறும் கட்டம், இரண்டு மணி நேரத்தில் முடித்துத் தருகிறார்கள். ஆனால் மூன்று மணிக்கே வந்துவிடுவார்கள். பிள்ளைகள் வேஷம் போடுவதை அவசியம் பார்க்க வேண்டும். கிரீடம், தோளில் கட்டுகிற புஜக்கட்டை எல்லாம் கல்யாண முருங்கை மரத்தில் செதுக்கியது, கையில் தூக்கினால் காகிதம் போல இருக்கும். அப்புறம் திரை. கர்ணன் நேராக மேடைக்கு வர மாட்டான். இரண்டு பேர் திரையைப் பிடித்திருக்க, பின்னால் நின்று பாடுவான். முதலில் கிரீடம் மட்டும் தெரியும், பிறகு சலங்கை கட்டிய கால். திரையைப் பிடிக்க நம் பிள்ளைகள் இரண்டு பேர் போதும்.

மாடி வீட்டு அக்கா, காலை 10.12
என் பெரியவன் பிடிப்பான் ஐயா. திரைக்கு ஒரு பட்டுப்புடவை தருகிறேன்.

எலக்ட்ரீஷியன் அண்ணன், காலை 10.30
டீச்சர், தொடக்கத்துக்கு எங்கள் பறைக் குழு பதினைந்து நிமிடம் வாசிக்கட்டுமா? ஏழு பேர். பெண் பிள்ளைகள் மூன்று பேர்.

மாடி வீட்டு அக்கா, காலை 10.44
அண்ணே, தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மாமியாருக்கு இரண்டு வாரமாக உடம்பு சரியில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்து மூன்று நாள்தான் ஆகிறது. வாசலில் அந்தச் சத்தம் கேட்டால் அவர் மனசு என்ன பாடுபடுமோ என்று பயமாக இருக்கிறது. தெருக்கோடியில் வைத்துக்கொள்ள முடியுமா?

எலக்ட்ரீஷியன் அண்ணன், காலை 11.20
தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை அக்கா. உங்கள் பயம் புரிகிறது. தெருக்கோடியில் வாசிக்கச் சொன்னாலும் வாசிக்கிறோம். ஆனால் ஒன்று மட்டும் சொல்ல ஆசை.
சாவுக்கு அடிக்கிற அடி வேறு, சாமிக்கு அடிக்கிற அடி வேறு, ஆட்டத்துக்கு அடிக்கிற அடி வேறு. கருவி ஒன்றுதான். என் அப்பா இந்தத் தெருவில் எத்தனையோ வீட்டு வாசலில் நின்று அடித்திருக்கிறார். ஒரு நாளும் யாரும் நாற்காலி போட்டு உட்கார்ந்து அவர் வாசித்ததைக் கேட்டதில்லை. அவருக்கு எத்தனை அடி தெரியும் என்று தெருவில் யாருக்கும் தெரியாது. எனக்கே அவர் போன பிறகுதான் தெரிந்தது. பகலில் வயரிங், ராத்திரியில் மொட்டை மாடியில் ஒவ்வொன்றாக ஞாபகப்படுத்திப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறேன். என் மகள் ஆறாம் வகுப்பு. இடது கையில் அந்த நீளமான சிண்டுக்குச்சியைப் பிடிக்க இந்த ஒரு மாதமாகத்தான் அவள் விரல் பழகியிருக்கிறது. ஜனங்கள் உட்கார்ந்து கேட்கிற இடத்தில் அவள் முதல் முறை வாசிக்க வேண்டும். அவ்வளவுதான்.

வாத்தியார் ஐயா, காலை 11.24
தம்பி, முதல் வரிசையில் நான் உட்காருகிறேன்.

போட் அண்ணன், காலை 11.26
எங்கள் வீடு முழுக்க வரும்.

அங்கன்வாடி டீச்சர், காலை 11.41
என் அபிப்பிராயத்தைச் சொல்லிவிடுகிறேன். இது நம் தெரு விழா என்றால் பறை மேடையில்தான் வாசிக்க வேண்டும், தெருக்கோடியில் இல்லை. கூத்துக்கு என்ன மரியாதையோ அதே மரியாதை, அதே சம்பளக் கணக்கு. ஆனால் அக்கா வீட்டுப் பெரியம்மாவின் உடம்பும் நமக்கு முக்கியம். அக்கா, நீங்கள் அவரிடமே ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லுங்கள். அவர் வேண்டாம் என்றால் அண்ணனோடு உட்கார்ந்து வேறு வழி பார்ப்போம்.

மாடி வீட்டு அக்கா, பகல் 12.50
கேட்டேன். நான் பயந்தது போல இல்லை. அவர் பிறந்த ஊர் செய்யாறு பக்கம். கூழ் ஊற்றும்போது அம்மனுக்கு முன்னால் முதலில் போவது பறைதானாம், சின்ன வயதில் அதன் பின்னாலேயே ஓடுவாராம். "அந்தப் பையன் சாமி அடி அடிப்பானா, கேளு" என்கிறார். ஜன்னலோரம் வேண்டாம், கீழே நாற்காலி போடச் சொல்கிறார். அண்ணே, மன்னித்துக்கொள்ளுங்கள்.

எலக்ட்ரீஷியன் அண்ணன், பகல் 12.53
மன்னிப்பெல்லாம் எதற்கு அக்கா. சாமி அடியில்தான் தொடங்குவோம் என்று அம்மாவிடம் சொல்லுங்கள்.

டெய்லர் அண்ணன், பகல் 1.05
நாற்காலியைத் தூக்கி இறக்க நான் வருகிறேன். படிக்கட்டு குறுகல்.

எலக்ட்ரீஷியன் அண்ணன், மாலை 4.15
டீச்சர், ஒரு ஏற்பாடு வேண்டும். எங்கள் பறை பிளாஸ்டிக் இல்லை, தோல். மூன்று வேப்பங்கட்டையைச் சேர்த்த சட்டத்தில் புளியங்கொட்டைப் பசை போட்டு ஒட்டியது. நம் பக்கத்துக் கடல் காற்று பட்டால் தோல் ஈரம் குடித்துத் தொய்ந்துவிடும். அடித்தால் தொப் தொப் என்று ஈரத்துணி போலக் கேட்கும். தீ மூட்டி, முகத்தைத் திருப்பித் திருப்பிக் காட்டி, விரலால் சுண்டினால் கிண்ணென்று வருகிற வரை காய்ச்ச வேண்டும். மேடை ஏறுவதற்குக் கொஞ்சம் முன்னால் செய்தால்தான் சரிவரும். டிரான்ஸ்பார்மர் பக்கம் கூடாது. குழாயடி ஓரம் இடம் விட்டால் போதும். இரண்டு வாளி தண்ணீர் பக்கத்தில் வைத்துக்கொள்கிறேன்.

அங்கன்வாடி டீச்சர், மாலை 4.18
குழாயடியில் அன்றைக்கு ஒரு வண்டியும் நிற்காமல் பார்த்துக்கொள்கிறேன். எரிப்பதற்கு என்ன வேண்டும்?

எலக்ட்ரீஷியன் அண்ணன், மாலை 4.20
பழைய அட்டைப்பெட்டி இருந்தால் யாரும் தூக்கிப் போடாமல் வையுங்கள்.

பேப்பர் கடை பாய், மாலை 4.21
கடையில் ஒரு கட்டு இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள்.

மாடி வீட்டு அக்கா, மாலை 5.02
அட்டையில் புகைதான் வருமாம், தோலுக்கு வைக்கோல் சூடுதான் நல்லதாம். மாமியார் சொல்கிறார். ஊரிலிருந்து அவர் தம்பி வெள்ளிக்கிழமை வருகிறார். ஒரு கட்டு வைக்கோல் கொண்டுவரச் சொல்லி இப்போதுதான் போன் செய்தார்.