பச்சைப் பிள்ளைக்கு எதுக்கு ‘ஓல்டு’?

முகப்புத்திண்ணை: காரைக்குடியில் அறுபதாம் கல்யாணச் சாந்தி நடக்கும் ஒரு வீட்டு வாசலில் ‘60 இயர்ஸ் யங்’ என்று ஃபிளெக்ஸ். அதைப் படம் எடுத்துப் போட்டு, ஆங்கிலத்தில் வயசானவர்களுக்கு என்ன மரியாதை பாருங்கள் என்று ஒருவர் இந்த இணையத் திரியில் உருகியிருக்கிறார். மரியாதையா? அறுபது என்று சொல்லக் கூசித்தானே யங் என்று ஒட்டுப் போடுகிறது! மூணு மாசப் பிள்ளையைக்கூட ‘ஹவ் ஓல்டு’ என்று கேட்கிற மொழி. பச்சைப் பிள்ளைக்கு எதுக்கய்யா ஓல்டு?

கானாடுகாத்தான்காரன்: உருகியது நான்தான். அண்ணே, ஓல்டு என்ற சொல்லின் வேருக்கு ‘வளர்ந்தது’ என்று பொருள். நாம் மட்டும் என்ன, ‘கிழடு’, ‘பெருசு’ என்று கொஞ்சுகிறோமாக்கும். பஸ்ஸில் “பெருசு, உள்ளே போ” என்று கேட்டதே இல்லையா?

முகப்புத்திண்ணை: பஸ்ஸை விடு. பிள்ளைக்கு எதுக்கு ஓல்டு?

வளவு ஆச்சி: காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெரு பழைய சாமான் கடையில் போய் நில்லுங்கள். போன வாரம் விரிசல் விட்ட மங்குச் சாடியை வேட்டி முனையால் துடைத்துக்கொண்டே “வெரி ஓல்டு, சார்” என்றார் கடைக்காரர், வெளியூர்க்காரர் பேரமே பேசவில்லை. சாடிக்கு ஓல்டு என்றால் விலை, மனுஷிக்கு என்றால் ‘ஓவர் த ஹில்’. நமக்குச் சாமிதான் மலையேறும், அவர்களுக்கு வயசானவர் மலையே தாண்டிவிடுகிறார். இந்த இளக்காரத்துக்கு ‘ஏஜிசம்’ என்று 1969-லேயே ராபர்ட் பட்லர் என்ற அமெரிக்க டாக்டர் பேர் வைத்தாயிற்று.

கானாடுகாத்தான்காரன்: அந்தப் பேரும் ஆங்கிலம்தானே ஆச்சி!

முகப்புத்திண்ணை: நாங்கள் ‘முதுகலை’ என்கிறோம் தம்பி. பெரிய படிப்புக்கே முதுமையை வைத்த மொழி.

கானாடுகாத்தான்காரன்: அது எம்.ஏ.வுக்கு நாம் போட்ட தமிழ். போன மாசம் வெல்லம் போட்டுச் சுடுகிற கந்தரப்பத்துக்குச் சீனி போடலாம் என்று சாதித்தவர்தானே நீங்கள்?

முகப்புத்திண்ணை: சீனியும் போடலாம் என்றேன். ‘உம்’மை எங்கே போச்சு?

வளவு ஆச்சி: சீனி போட்டால் அது கந்தரப்பமே இல்லை.

மயிலாப்பூர் மாடி: நடுவில் வருகிறேன், மன்னிக்கவும். உங்கள் ஊரில் பாட்டியை ஆயா என்பார்களாமே? எங்கள் பக்கம் ஸ்கூலில் பிள்ளை பார்க்கிறவரைத்தான் அப்படிச் சொல்வோம். அது மட்டும் மரியாதையா?

முகப்புத்திண்ணை: அம்மாவைப் பெற்றவள் ஆயா. உங்கள் பட்டணத்தில் வேலைக்காரப் பேராக வழங்கும் ஆயா போர்ச்சுகீசியத்திலிருந்து வந்த சொல், எங்களிடம் கணக்குக் கேட்காதீர்கள்.

மயிலாப்பூர் மாடி: வேலை பார்ப்பவர் என்றால் கேவலமா? இதுதான் உங்கள் செட்டிநாட்டு மரியாதையா?

முகப்புத்திண்ணை: நான் அப்படிச் சொல்லவில்லை, திரியைத் திருப்பாதீர்கள். மூணு பேர் வந்தும் நான் கேட்டதற்குப் பதில் இல்லை. மூணு மாசப் பிள்ளைக்கு எதுக்கு ஓல்டு?

கானாடுகாத்தான்காரன்: வேர்ச்சொல் அண்ணே, வேர்ச்சொல். மேலே எழுதியிருக்கிறேன், கண்ணாடி போட்டுப் படியுங்கள்.

முகப்புத்திண்ணை: கண்ணாடியா? யாரைப் பார்த்து?