கலைச்சொல்: ‘ரேப்பர்’ – பிணைப்பா, உறையா, முகப்பா?

காரைக்குடியிலிருந்து:
வணக்கம். சனிக்கிழமைக்குள் பாடக்குறிப்பை அச்சுக்குக் கொடுத்தாக வேண்டும், ஒரு சொல் இடறுகிறது. ஹாஸ்கெல் என்ற நிரல்மொழி பழகும் பிள்ளைகளுக்கு வரைகலை இடைமுகம் (சாளரம், பொத்தான் உள்ள திரை) சொல்லித்தருகிறேன். அடியில் இருப்பது ஜிடிகே நிரலகம், அதாவது திரைக்கான ஆயத்த நிரல்களின் தொகுப்பு; அது சி மொழியில் எழுதியது. பொத்தானை உண்டாக்கு, எழுத்தை மாற்று, சொடுக்கினால் இதைக் கூப்பிடு என்று எல்லாம் கட்டளைதான். பன்னிரண்டாம் வகுப்பிலேயே தூய செயற்கூறு (வெளியே எதையும் மாற்றாமல், ஒரே உள்ளீட்டுக்கு ஒரே விடை தருவது) படித்துவிட்டு வந்தவர்கள் இங்கே திணறுகிறார்கள். அதனால் மேலே ஓர் அடுக்கு போடுகிறோம். திரையில் காட்ட வேண்டிய எண் 5 என்றால் திரை எப்படி இருக்கும் என்று மட்டும் செயற்கூறு சொல்லும். எண் 6 ஆனதும் பழைய விவரிப்பையும் புதியதையும் ஒப்பிட்டு, மாறிய இடத்தை மட்டும் அந்த அடுக்கே திருத்திவிடும். ஒன்றைச் சுற்றி மூடும் இப்படிப்பட்ட அடுக்கை ஆங்கிலத்தில் ரேப்பர் (wrapper) என்பார்கள். இந்த ரேப்பருக்குப் ‘பிணைப்பு’ என்று எழுதியிருந்தேன். ஒரு மாணவி, “பேரோட மதிப்பைக் கட்டுறதுக்கும் பிணைப்புன்னுதானே நேத்து சொன்னீங்க மிஸ்?” என்றாள். அவள் கேட்டது நியாயம்.

தேவகோட்டையிலிருந்து:
அம்மா, ‘உறை’ போதும். ‘மேலுறை’ வேண்டாம், உறை என்றாலே மேலேதான். வாளுக்கு உறை, தலையணைக்கு உறை. பாலுக்கும் உறை ஊற்றுகிறோம். உறைதல் என்றால் தங்குதல், இறுகுதல். இவை எல்லாவற்றுக்கும் வேர் ஒன்றுதானா என்று முப்பது வருஷமாக யோசிக்கிறேன். எனக்குப் பிடித்தது உறைகிணறு. நம் மாவட்டத்துக் கீழடியில் சுடுமண் உறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய கிணறு கிடைத்ததே! பட்டினப்பாலையிலும் அந்தச் சொல் இருக்கிறது. மண் சரியாமல் உறை தாங்கிக்கொள்ளும், நீரைத் தடுக்காது. உங்கள் அடுக்கும் அதைத்தானே செய்கிறது?

சென்னையிலிருந்து (சொந்த ஊர் கானாடுகாத்தான்):
ஐயா, கிணறு அருமை. ஆனால் இரவு பதினொரு மணிக்குப் பிழைச்செய்தியோடு உட்கார்ந்திருக்கும் பிள்ளை ‘உறை’ என்று தேடினால் தலையணை உறைதான் வரும். ரேப்பர் என்றே எழுதுங்கள். தொல்காப்பியர் வடசொல்லுக்கே வழிவிட்டவர், எழுத்தைத்தான் மாற்றச் சொன்னார்.
அதைவிட முக்கியம், இங்கே இருப்பது இரண்டு அடுக்கு. ஹாஸ்கெல்லுக்கான இன்னொரு வரைகலை நிரலகமான டபிள்யூஎக்ஸ்ஹாஸ்கெல்லில் இதைப் பிரித்தே வைத்தார்கள். கீழே உள்ள ‘கோர்’ அடுக்கு சி++ நிரலகத்தை ஏறக்குறைய அப்படியே கொண்டுவரும். அதன் மேல் உள்ளது, பண்புகளைப் பட்டியலாகக் கொடுக்க விடும். கீழடுக்கை மட்டும் கையில் கொடுத்தால் ஹாஸ்கெல் எழுத்தில் சி எழுத வைப்பதுதான் மிச்சம். இரண்டையும் ஒரே சொல்லால் சொன்னால் பிள்ளைகளுக்கு அந்த வித்தியாசமே தெரியாமல் போகும்.

தேவகோட்டையிலிருந்து:
இரண்டு சொல் வேண்டும் என்பது சரி, தம்பி. ஆனால் தொல்காப்பியரைக் கூப்பிட்டால் முழுக்கக் கேட்க வேண்டும். ரகரம் மொழிக்கு முதலில் வராது. ‘இரேப்பர்’ என்று எழுதுவீர்களா?

பள்ளத்தூரிலிருந்து:
நம் வீட்டிலிருந்தே சொல் எடுக்கலாமே. வந்தவர் முகப்பில் உட்காருவார். சமையலும் புழங்குவதும் பின்கட்டில். மேலடுக்கு முகப்பு, கீழடுக்கு பின்கட்டு. எங்கள் வீட்டு முகப்புத் தூண்கள் பர்மாத் தேக்கு. போன ஐப்பசி மழையில் ஒன்றின் அடியில் ஈரம் ஏறி, ஆசாரியைத் தேடி அலைந்தோம். அந்தத் தூணைத் தடவிக்கொண்டிருந்தபோதுதான் இந்தச் சொல் தோன்றியது.

சென்னையிலிருந்து:
அண்ணே, இணையதளத்தில் முகப்புப் பக்கம் ஏற்கெனவே இருக்கிறது. மென்பொருள் எழுதுவோருக்காக 1994-இல் வந்த வடிவமைப்புப் பாங்குகள் (Design Patterns) நூலில் ‘ஃபசாட்’ (facade) என்றே ஒரு பாங்கு உண்டு, அதற்கு முகப்பு தேவைப்படும். இன்னொன்று, ‘இடைமுக முகப்பு’ என்று வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்.

காரைக்குடியிலிருந்து:
அச்சகத்திலிருந்து இரண்டு முறை கூப்பிட்டுவிட்டார்கள். கீழடுக்கு ‘மொழிப்பிணைப்பு’, மதிப்பைக் கட்டுவது ‘பெயர்ப்பிணைப்பு’, மேலடுக்கு ‘உறை’ என்று அனுப்பிவிட்டேன். தேடுவதற்காக ஓரத்தில் ‘ரேப்பர்’ இருக்கிறது. உறைகிணற்றுப் படமும் சேர்த்தேன். எல்லோருக்கும் நன்றி.

பள்ளத்தூரிலிருந்து:
எனக்கு இன்னும் ஒப்பவில்லை. உறை மூடுவது. முகப்பு வழியாக உள்ளே போகலாம். பிள்ளைகள் கீழடுக்கையும் ஒரு நாள் திறந்து பார்க்க வேண்டாமா? வகுப்பில் இதையும் ஒரு வார்த்தை சொல்லுங்கள் ஆச்சி.

தேவகோட்டையிலிருந்து:
படத்தின் கீழே ‘உறைகிணறு’ என்று போட்டீர்களா, ‘உறைக்கிணறு’ என்றா? பட்டினப்பாலையில் ஒற்று மிகுந்துதான் வருகிறது. அச்சு ஏறுமுன் ஒரு முறை பாருங்கள் அம்மா.