நியூ ஹார்மனி போய்வந்தவர்கள் இருக்கிறீர்களா?

அடுத்த மாதம் அம்மாவை இந்தியானாவில் வாபாஷ் ஆற்றங்கரையிலுள்ள நியூ ஹார்மனிக்கு அழைத்துப் போகிறேன். கிறிஸ்து சீக்கிரம் வருவார் என்று நம்பிய ஜார்ஜ் ராப்பின் சீடர்கள், சொத்தையெல்லாம் பொதுவில் வைத்து 1814இல் உருவாக்கிய ஊர் அது. பத்துப் பதினோரு வருடத்தில் சமூகச் சீர்திருத்தவாதி ராபர்ட் ஓவனுக்கு விற்றுவிட்டார்கள். அங்கே அடக்கமான சுமார் 230 பேருக்கும் பெயர்க்கல்லே கிடையாது. செத்த பிறகும் எல்லோரும் சமம் என்பதற்காக. எனக்கு அந்த இடத்தைத்தான் பார்க்க வேண்டும்.

அம்மாவுக்கு முழங்கால் வலி. பார்வையாளர் மையமான அத்தீனியம் கட்டடத்திலிருந்து கல்லறைத் தோட்டம், அப்புறம் கூரையில்லாத தேவாலயம் வரை மெதுவாக நடந்துவிடலாமா? நடுவில் உட்கார பெஞ்சு உண்டா? மழை பெய்தால் ஆற்றோரப் பாதை சேறாகிவிடுமா? விவரம் தெரிந்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.