எது மாஸ்டர்? எங்கள் குடும்பக் குழுவில் ஒரு சனிக்கிழமை மாலை

மாலை 5:42
நான்: சித்தப்பா, அவசரம். எங்கள் கல்லூரி லேபில் மூன்று பழைய சர்வர்கள் இருக்கின்றன. பெயர்கள் குறிஞ்சி, முல்லை, மருதம். மூன்றிலும் என்ஐஎஸ் ஓடுகிறது, மாணவர்களின் பெயர், பாஸ்வேர்டு பட்டியலை எல்லாக் கணினிகளுக்கும் பகிரும் சேவை. ரேக்கில் இடம் வேண்டும், நாளைக்குள் ஒன்றைக் கழற்று என்கிறார்கள். முன்பு பொறுப்பில் இருந்தவர் ஓய்வு பெற்றுவிட்டார், குறிப்பு எதுவும் இல்லை. குறிஞ்சிதான் மிகப் பழையது. அதையே எடுத்துவிடலாமா?

மாலை 5:44
சித்தப்பா: எடுக்காதே மா. முதலில் மூன்றில் எது மாஸ்டர், அதாவது மூலப் பட்டியல் எதில் இருக்கிறது என்று சொல்.

மாலை 5:45
நான்: முல்லை. ஒய்பிவிச் கட்டளை கொடுத்தேன், முல்லை என்று வந்தது.

மாலை 5:51
சித்தப்பா: அங்கேதான் எல்லோரும் தவறுகிறார்கள். வெறும் ஒய்பிவிச் சொல்வது, நீ உட்கார்ந்திருக்கும் கணினிக்கு இப்போது பதில் சொல்லிக்கொண்டிருப்பவர் யார் என்பதை மட்டும்தான். கணினி எழும்போது ஒய்பிபைண்ட் என்ற நிரல் "யாராவது இருக்கிறீர்களா" என்று நெட்வொர்க் முழுக்கக் கூவும். முதலில் குரல் கொடுத்த சர்வரைப் பிடித்துக்கொள்ளும். அது மாஸ்டராகவும் இருக்கலாம், நகலை மட்டும் வைத்திருக்கும் ஸ்லேவாகவும் இருக்கலாம். அடுத்த வரிசைக் கணினியில் அதே கட்டளையைக் கொடு, வேறு பெயர் வரலாம். மாஸ்டர் பெட்டியே கூட ஒரு ஸ்லேவைப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்திருக்கிறேன்.

மாலை 5:53
அம்மா: நீங்கள் இருவரும் என்ன பேசுகிறீர்கள் என்று எனக்கும் சொல்லுங்கள். பிள்ளை மத்தியானம் சாப்பிடக்கூட வரவில்லை.

மாலை 5:58
சித்தப்பா: அண்ணி, நம் ஊர் நிலத்துக்கு மூலப் பத்திரம் உங்கள் பீரோவில் இருக்கிறது. நகல் என்னிடம் ஒன்று, அத்தையிடம் ஒன்று. சர்வே எண் என்ன என்று யாராவது கேட்டால் மூவரில் யார் வேண்டுமானாலும் பார்த்துச் சொல்லலாம். ஆனால் ஏதாவது திருத்த வேண்டும் என்றால் மூலத்தில்தான் திருத்த வேண்டும், நகலில் எழுதினால் செல்லாது. இவள் லேபிலும் அப்படித்தான். மாணவர்களின் பெயர், பாஸ்வேர்டு எல்லாம் எழுதிய பதிவேட்டின் மூலம் ஒரு சர்வரில், நகல் மற்ற இரண்டில். மூலம் எதில் என்று தெரியாமல் ஒரு பெட்டியைக் கழற்றப் பார்க்கிறாள்.

மாலை 5:59
அம்மா: ஐயோ. அப்படியானால் பார்த்துச் செய் கண்ணு.

மாலை 6:01
நான்: சரி சித்தப்பா, எப்படிக் கண்டுபிடிப்பது? மூன்றிலும் பதில் சொல்லும் நிரலான ஒய்பிசர்வ் ஓடுகிறது. மூன்றிலும் /வார்/ஒய்பி அடைவில் எல்லா மேப் கோப்புகளும், அதாவது பட்டியல்களும், இருக்கின்றன.

மாலை 6:07
சித்தப்பா: இருக்கும். ஸ்லேவும் முழு நகலை வைத்துக்கொண்டுதான் பதில் சொல்கிறது, அதனால் அந்த இரண்டையும் வைத்து ஒன்றும் முடிவு செய்ய முடியாது. மேப்பைக் கட்டும் வழி எழுதிய மேக்ஃபைல் அங்கே இருப்பதும் சாட்சி இல்லை, லினக்ஸில் பொதியை நிறுவினாலே அது வந்துவிடும்.

பெட்டியைக் கேட்காதே, மேப்பைக் கேள். ஒவ்வொரு மேப்புக்குள்ளும் தன் மாஸ்டரின் பெயர் எழுதியிருக்கும். ஒய்பிவிச் -எம் என்று கொடு. எல்லா மேப்பும், எதிரே அதன் மாஸ்டர் பெயரும் வரும்.

மாலை 6:10
நான்: பாஸ்வேர்டு.பைநேம், எதிரே குறிஞ்சி. குரூப், ஹோஸ்ட்ஸ், ஹோம் அடைவு எங்கே என்று சொல்லும் ஆட்டோ.ஹோம் எல்லாவற்றுக்கும் குறிஞ்சிதான்! நான் கழற்ற இருந்த பெட்டி. கை நடுங்குகிறது சித்தப்பா.

மாலை 6:18
சித்தப்பா: நல்லவேளை கேட்டாய். இதில் பெரிய ஆபத்து, கழற்றியதும் ஒன்றும் நடக்காது என்பதுதான். நான் வேலை பார்த்த ஓர் இடத்தில், சன் வொர்க்ஸ்டேஷன்கள் இருந்த காலம், ஸ்லேவ் என்று நம்பி மாஸ்டரை நிறுத்திவிட்டோம். எல்லோரும் வழக்கம்போல லாகின் ஆனார்கள். ஸ்லேவ்கள்தான் பதில் சொல்கின்றனவே. நான்கு நாள் யாருக்கும் தெரியாது. ஐந்தாம் நாள் ஒருவர் பாஸ்வேர்டு மாற்றப் போனார், முடியவில்லை. ஒய்பிபாஸ்வேர்டு கட்டளை அந்த மேப்பின் மாஸ்டர் யார் என்று கேட்டு நேராக அவரிடம்தான் போகும். அவர்தான் இல்லையே. அதற்குள் அந்தப் பெட்டியின் டிஸ்க்கை வேறு வேலைக்கு அழித்தாயிற்று. மூலக் கோப்புகளை ஸ்லேவின் மேப்பிலிருந்து திருப்பி எடுத்து உட்கார்ந்து கோத்தோம், இரண்டு இரவு.

மாலை 6:20
தம்பி: அக்கா, இன்னொரு சோதனையும் செய். ஆர்பிசிஇன்ஃபோ -பி போட்டு மூன்றிலும் என்னென்ன சேவை எண்கள் ஓடுகின்றன என்று பார்.

மாலை 6:22
சித்தப்பா: சரியாகச் சொன்னாய். 100004 என்பது ஒய்பிசர்வ், அது மூன்றிலும் வரும். 100009 எங்கே வருகிறது என்று பார். அது பாஸ்வேர்டு மாற்றும் டீமன், பின்னணியில் ஓடும் நிரல், மாஸ்டரில்தான் ஓட்டுவார்கள்.

மாலை 6:25
நான்: 100009 குறிஞ்சியில் மட்டும். சர்வர் பட்டியலைக் கொட்ட ஒய்பிகேட் -கே ஒய்பிசர்வர்ஸ் கொடுத்தேன், மூன்று பெயரும் வந்தன. அப்படியானால் முல்லை, மருதம் இரண்டும் ஸ்லேவ். எதை வேண்டுமானாலும் எடுக்கலாமா?

மாலை 6:27
சித்தப்பா: இன்னும் இல்லை. நீ கேட்டது முல்லையிடம், அது முல்லையின் நகல் சொன்ன பதில். மருதம் என்ன நினைத்துக்கொண்டிருக்கிறது என்று தனியே கேள். ஒய்பிபோல் -ஹெச் மருதம், பிறகு மேப் பெயர். மாஸ்டர் பெயரும் ஆர்டர் எண்ணும் சொல்லும். அந்த எண் 1970 ஜனவரி 1 முதல் எண்ணிய விநாடிகள், அதாவது மேப் கடைசியாக எப்போது கட்டப்பட்டது என்பது. மூன்று சர்வரிலும் அந்த எண் ஒன்றாக இருக்க வேண்டும்.

மாலை 6:41
நான்: சித்தப்பா, பாஸ்வேர்டும் குரூப்பும் மூன்றிலும் ஒன்றாக இருக்கின்றன. ஆனால் ஆட்டோ.ஹோம் மேப்புக்கு மட்டும் மருதம் தன்னையே மாஸ்டர் என்கிறது! எண்ணும் பழையது. தேதியாக மாற்றிப் பார்த்தால் போன வருடம் ஜூன். குறிஞ்சியில் இருப்பது இந்த வாரத்தது.

மாலை 6:42
நான்: இப்போதுதான் புரிகிறது. புதிதாகச் சேர்ந்த மாணவர்கள் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தால் லாகின் ஆகிறது, ஆனால் ஹோம் அடைவு வருவதில்லை. ஒரு வாரமாகக் கேபிளைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். அந்த வரிசையில் ஒய்பிவிச் கொடுத்துப் பார்க்கிறேன், இருங்கள்.

மாலை 6:46
நான்: ஆறு கணினிகளும் மருதத்தைத்தான் பிடித்திருக்கின்றன.

மாலை 6:53
சித்தப்பா: யாரோ ஒரு நாள் அவசரத்தில் மருதத்திலேயே ஆட்டோ.ஹோம் கோப்பைத் திருத்தி, அங்கேயே மேப்பைக் கட்டும் மேக் கட்டளையைக் கொடுத்திருக்கிறார்கள். மேப்பைக் கட்டும்போது எந்தப் பெட்டியில் கட்டுகிறோமோ அதன் பெயர் மாஸ்டராக உள்ளே பதிந்துவிடும். அதிலிருந்து அந்த ஒரு மேப்புக்கு மருதம் தன்னை மூலம் என்று நம்புகிறது. குறிஞ்சி அனுப்புவதை ஏற்கவில்லை. ஒரு சர்வருக்கு ஒரு பாத்திரம் என்று நாம் பேசுகிறோம், ஆனால் என்ஐஎஸ் கணக்கு வைப்பது மேப் வாரியாகத்தான். அதனால்தான் ஒரே பெட்டி ஒரு மேப்புக்கு ஸ்லேவாகவும் இன்னொன்றுக்கு மாஸ்டராகவும் நிற்க முடிகிறது.

மாலை 6:54
நான்: எப்படிச் சரி செய்வது?

மாலை 6:59
சித்தப்பா: உடனே அழித்துவிடாதே. அன்று மருதத்தில் எழுதிய வரி ஏதாவது குறிஞ்சியில் இல்லாமல் இருக்கலாம். இரண்டு பெட்டியிலும் மேக்டிபிஎம் -யு கொண்டு அந்த மேப்பைப் பிரித்துக் கொட்டு, ஒப்பிட்டுப் பார். விட்டுப்போன வரி இருந்தால் குறிஞ்சியின் மூலக் கோப்பில் சேர்த்து அங்கே மேக் கொடு. அப்புறம் மருதத்தில் மேப்பை இழுத்து வர ஒய்பிஎக்ஸ்எஃப்ஆர் -ஹெச் குறிஞ்சி ஆட்டோ.ஹோம் கொடு. மேப் யாரை மாஸ்டர் என்று சொன்னாலும் குறிஞ்சியிடமிருந்தே எடு என்பதற்குத்தான் அந்த -ஹெச். குறிஞ்சியின் எண் புதியது, எனவே -எஃப் போட்டு வற்புறுத்தத் தேவையில்லை.

மாலை 7:03
தம்பி: அக்கா, இதையெல்லாம் எல்டாப் என்ற வேறு பதிவேட்டு முறைக்கு மாற்றிவிடச் சொல்லேன். ரெட் ஹாட் எண்டர்பிரைஸ் லினக்ஸ் 9-இல் ஒய்பிசர்வ், ஒய்பிபைண்ட் பொதிகளே கிடையாது.

மாலை 7:08
சித்தப்பா: மாற்றத்தான் வேண்டும், அதில் எனக்கும் இரண்டாம் கருத்து இல்லை. ஒய்பிகேட் தெரிந்த எந்த மாணவனும் எல்லோருடைய பாஸ்வேர்டு ஹேஷையும் (பாஸ்வேர்டின் உருமாற்றிய வடிவம்) கொட்டிப் பார்க்க முடிகிற ஏற்பாடு பல இடங்களில் இன்னும் இருக்கிறது. ஆனால் எல்டாப்புக்குப் போனாலும் இந்தக் கேள்வி கூடவே வரும். ஓபன்எல்டாப் மென்பொருளில் கொடுப்பவரை ப்ரொவைடர், வாங்குபவரை கன்ஸ்யூமர் என்பார்கள். டேட்டாபேஸ் அமைப்பில் சிங்க்ரெப்ல் வரி இருந்தால் அது வேறொருவரிடமிருந்து வாங்குகிறது என்று அறியலாம். ஒன்றுக்கொன்று வாங்கிக்கொள்ளும் ஏற்பாடும் உண்டு, எனவே எல்லாப் பெட்டியையும் பார்த்த பிறகே முடிவு செய்ய வேண்டும்.

மாலை 7:10
அம்மா: இந்த ஒய்பி என்பது என்ன? எல்லாப் பெயரிலும் வருகிறது.

மாலை 7:13
சித்தப்பா: யெல்லோ பேஜஸ், அண்ணி. சன் நிறுவனம் முதலில் வைத்த பெயர் அது. பிரிட்டனில் அந்தப் பெயர் அப்போது பிரிட்டிஷ் டெலிகாமின் வணிகக் குறியாக இருந்தது, அதனால் நெட்வொர்க் இன்ஃபர்மேஷன் சர்வீஸ் என்று மாற்றினார்கள். கட்டளைகளில் மட்டும் பழைய இரண்டெழுத்து அப்படியே நின்றுவிட்டது.

இரவு 7:52
நான்: முடிந்தது. மருதத்தில் மட்டும் இருந்த இரண்டு வரிகளைக் குறிஞ்சியில் சேர்த்தேன். இப்போது மூன்றிடமும் கேட்டேன், எல்லா மேப்புக்கும் மாஸ்டர் குறிஞ்சி, எண்களும் ஒன்று. முதலாமாண்டு மாணவி ஒருத்தியை மூன்றாவது வரிசையில் உட்கார வைத்தேன், ஹோம் அடைவு வந்துவிட்டது.

இரவு 7:56
சித்தப்பா: மிக நன்று. முல்லையை எடுப்பதாக இருந்தால், குறிஞ்சியில் ஒய்பிசர்வர்ஸ் பட்டியலிலிருந்து அதன் பெயரை நீக்கி மேக் கொடு. இல்லையென்றால் ஒவ்வொரு முறையும் இல்லாத பெட்டிக்கு மேப் அனுப்பிப் பார்த்துக் காத்துக்கொண்டிருக்கும். எந்தக் கணினியிலாவது, எந்த சர்வரைக் கேட்பது என்று எழுதும் ஒய்பி.கான்ஃப் கோப்பில் முல்லை என்று நேராக எழுதியிருக்கிறதா என்றும் பார். அது கூவித் தேடாது, முல்லையையே கேட்டு நிற்கும்.

இரவு 8:20
நான்: நான்கு கணினிகளில் அப்படி இருந்தது, மாற்றிவிட்டேன். மூன்று பெட்டியிலும் பாத்திரத்தை எழுதி ஒட்டிவிட்டேன்.

இரவு 8:21
சித்தப்பா: எந்தத் தேதியில் பார்த்தாய் என்பதையும் அதில் எழுது மா.

இரவு 8:24
நான்: எழுதிவிட்டேன். காலை 9 மணிக்கு முல்லையை நிறுத்துகிறேன். டிஸ்க்கை ஒரு மாதம் தொடமாட்டேன்.