பொருள்: இன்டரஸ்டட் விட்னஸ் – 'ஆர்வமுள்ள சாட்சி' வேண்டாமே

அனைவருக்கும் வணக்கம். 'இன்டரஸ்டட் விட்னஸ்' (interested witness), அதாவது வழக்கின் முடிவால் தனக்கும் ஏதோ பலன் உள்ள சாட்சி. இந்தச் சட்டச்சொல்லைத் தமிழில் எப்படிச் சொல்வது என்பதுதான் பேச்சு. ஒருவர் கேட்டது:

> 'ஆர்வமுள்ள சாட்சி' என்று பத்திரிகைகள் எழுதுவதே போதாதா? எதற்குப் புதுச்சொல்?

போதாது ஐயா. கொலை வழக்கு மேல்முறையீட்டுத் தீர்ப்பு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். 'அ.சா.1 (அரசுத் தரப்பின் முதல் சாட்சி) ஆர்வமுள்ள சாட்சி, அவர் சொல்லை நம்பித் தண்டித்தது தவறு' என்று எழுதி அம்மாவிடம் படித்துக் காட்டினேன். "ஆர்வமா வந்து சாட்சி சொன்னா நல்லதுதானேடா?" என்றார். அந்தச் சொல் அதோடு முடிந்தது.

தண்டனை பெற்றவருக்காக மேல்முறையீடு செய்யும் வக்கீல் பெரும்பாலும் இரண்டு இடத்தில் கைவைப்பார். நேரில் பார்த்தேன் என்பவர் செத்தவருக்குச் சொந்தக்காரர், நம்ப முடியாது என்பார். டாக்டர் சொல்லும் காயம் சாட்சி சொல்லும் வெட்டோடு ஒத்துப்போகவில்லை என்பார்.

நம் சிக்கல் முதலாவதில். சொந்தக்காரர் வேறு, இன்டரஸ்டட் வேறு என்று ராஜஸ்தான் அரசு எதிர் கல்கி வழக்கில் 1981இல் உச்ச நீதிமன்றம் பிரித்தது. வழக்கின் முடிவாலோ குற்றம் சாட்டப்பட்டவர் உள்ளே போவதாலோ ஏதாவது பலன் அடைகிறவர்தான் இன்டரஸ்டட். சம்பவ இடத்தில் இயல்பாகவே இருந்த, செத்தவரின் மனைவி அப்படியில்லை. நம் பக்கத்து வடிவேலு தேவர் வழக்கையே பாருங்கள். முத்துப்பேட்டை டீக்கடைக்காரர் கொலையில் அவர் மனைவி ஒருவரின் சாட்சியத்தை வைத்தே 1957இல் தண்டனை உறுதியானது. ஆக, 'உறவுச் சாட்சி' ஒரு சொல். மற்றதற்குத் தனிச்சொல் வேண்டும்.

'சார்புச் சாட்சி' எனக்குச் சரியாகப் படவில்லை. கூண்டேறும் எல்லோரும் ஏதோ ஒரு தரப்புக்காக வருகிறவர்கள்தான், வாசகர் அரசுத் தரப்புச் சாட்சி என்றே எடுத்துக்கொள்வார். 'உள்நோக்கச் சாட்சி' கேட்க நன்றாயிருக்கிறது. ஆனால் கொலைக்கான உள்நோக்கம் அதே தீர்ப்பில் பத்து இடத்தில் வருகிறதே! சாட்சிக்குப் பழந்தமிழில் உள்ள 'கரி' என்ற சொல்லை ஒரு நண்பர் எழுதியிருந்தார். 'இந்திரனே சாலுங் கரி' என்று குறளிலேயே இருக்கிறது. குறுந்தொகையின் 'அறிகரி பொய்த்தல் ஆன்றோர்க் கில்லை' இன்னும் அழகு. ஆனால் இன்றைக்கு 'ஆதாயக் கரி' என்றால் அடுப்புக்கரி வியாபாரம் என்பார்கள்.

என் ஓட்டு 'ஆதாயச் சாட்சி'க்கு. பண வாடை அடிக்கிறது என்பீர்கள். கொஞ்சம் அடிக்கத்தான் செய்கிறது. ஆனால் "அவனை மாட்டிவிடுறதுல இவனுக்கு என்ன ஆதாயம்?" என்று ஊரில் கேட்கிறோமே, அதில் பணம், பகை, வரப்புத் தகராறு எல்லாம் அடங்கும். குறுக்கு விசாரணையில் கேட்பதும் அதையேதான்.

அப்புறம் இரண்டாவது விஷயம். டாக்டர் கோர்ட்டில் சொல்வதைத் தயவுசெய்து 'மருத்துவச் சான்று' என்று எழுதாதீர்கள், அது லீவுக்கு வாங்கும் சீட்டு. நீதிமன்றம் எடைபோடுவது கண்ணால் கண்டவர் சொல்வதையும் டாக்டர் சொல்வதையும். சாட்சி சொன்ன விதத்தில் அந்தக் காயம் ஏற்படவே வழியில்லை என்று மருத்துவம் காட்டினால்தான் கண்டவர் சொல்லை ஒதுக்கலாம் என்பது உச்ச நீதிமன்றத்தின் 1983 சோலங்கி தீர்ப்பு. தராசின் இரண்டு தட்டுக்கும் ஒரே மாதிரிப் பெயர் இருந்தால் படிக்க எளிது: 'கண்கண்ட சாட்சியம்', 'மருத்துவச் சாட்சியம்'.

'சான்ஸ் விட்னஸ்' (chance witness), அதாவது அந்த நேரம் தற்செயலாக அங்கே இருந்ததாகச் சொல்லும் சாட்சி, இன்னும் பாக்கி. 'தற்செயல் சாட்சி' என்று இப்போதைக்கு வைத்திருக்கிறேன். அந்த நேரத்தில் அங்கே அவருக்கு என்ன வேலை என்ற சந்தேகம் அதில் தொனிக்கவில்லை. யாருக்காவது ஏதாவது தோன்றுகிறதா?