போஞ்சி இலை மஞ்சளாகிறது, அவசர உதவி தேவை

ஹட்டன் மழை:
வணக்கம். போஞ்சி நட்டிருக்கிறேன், இலையெல்லாம் மஞ்சளாகிறது. இரசாயனப் பசளை ஒரு பிடிகூடப் போடவில்லை. எரு மட்டும்தான், அதையும் தாராளமாகப் போட்டேன். அவரை இனம் காற்றிலிருந்தே நைதரசனை எடுத்துக்கொள்ளும் என்றுதானே சொல்கிறார்கள்? கடன் வாங்கிக் கம்பு ஊன்றியிருக்கிறேன். தெரிந்தவர்கள் சீக்கிரம் சொல்லுங்கள்.

வெலிமடை அண்ணன்:
நட்டு எத்தனை நாள்? முதலில் மஞ்சளானது கீழிலையா, குருத்தா? எரு என்றால் என்ன எரு? முன்பு அந்த நிலத்தில் என்ன இருந்தது?

ஊவா மகள்:
போஞ்சி ஈயாகத்தான் இருக்கும். அடித்தண்டு மண்ணோடு ஒட்டும் இடத்தில் வீங்கி வெடித்திருக்கிறதா பாருங்கள். நகத்தால் தோலைக் கீறினால் எள்ளளவில் பழுப்புக் கூட்டுப்புழு கிடக்கும். போன போகம் எனக்குப் பாதிப் பாத்தி அப்படித்தான் போனது.

மண்வாசன்:
இதற்குப் பலமுறை பதில் எழுதிவிட்டேன், தேடிப் படிக்கும் பழக்கம்தான் யாரிடமும் இல்லை. செடி தானாக நைதரசன் எடுப்பதில்லை. வேர் முடிச்சில் குடியிருக்கும் றைசோபியம் பக்டீரியாதான் எடுத்துக் கொடுக்கிறது. அதிலும் சோயாவுக்குக் கொடுப்பதுபோல் போஞ்சிக்குக் கொடுக்காது. முதல் சில வாரம் போஞ்சிக்கு மண்தான் சோறு போட வேண்டும். இந்த அடிப்படைகூடத் தெரியாமல் கடன் வாங்கி இறங்கக் கூடாது.

ஊவா மகள்:
ஐயா, பயந்துபோய்க் கேட்கிற பிள்ளையிடம் இப்படியா பேசுவது?

ஹட்டன் மழை:
மன்னிக்கவும். நட்டு 24 நாள். கீழிலைதான் முதலில். தண்டு வீங்கவில்லை. பண்ணையில் வாங்கிய கோழி எரு, மரத்தூளோடு இருந்தது, நடுவதற்கு முதல் நாள் போட்டேன். தேயிலை பிடுங்கிய நிலம்.

வெலிமடை அண்ணன்:
தம்பி, இதை முதலிலேயே சொல்லியிருந்தால் ஈயைத் தேடியிருக்க மாட்டோம். மரத்தூள் மக்கும்போது அதைத் தின்னும் நுண்ணுயிர்கள் மண்ணிலிருக்கும் நைதரசனையும் இழுத்துக்கொள்ளும், செடிக்கு மிஞ்சாது, அதனால்தான் மஞ்சள். தேயிலைக்கு 4.5 முதல் 5.5 வரையான பீ.எச். (மண்ணின் புளிப்பைக் காட்டும் அளவு, குறையக் குறையப் புளிப்பு கூடும்) பிடிக்கும், போஞ்சிக்கு 6 அளவாவது வேண்டும். அந்தப் புளிப்பு மண்ணில் றைசோபியம் நன்றாகப் பிழைக்காது.

ஒரு செடியைப் பிடுங்காமல் மண்ணோடு தோண்டி, வாளித் தண்ணீரில் வேரை அலசுங்கள். விரலால் தேய்த்தால் கழன்று வருவது முடிச்சு. வேரே புடைத்திருந்து கழலாவிட்டால் அது வட்டப்புழு, வேருக்குள் புகும் நுண்புழுவின் வேலை. முடிச்சை நறுக்கிப் பாருங்கள்: உள்ளே இளஞ்சிவப்பு என்றால் வேலை செய்கிறது, வெள்ளை என்றால் இல்லை.

இப்போதைக்குக் காட்டுச் சூரியகாந்தித் தழையைப் பீப்பாயில் ஊறவைத்து, அந்தத் தண்ணீரை நன்றாக ஐதாக்கி அடியில் ஊற்றுங்கள். நன்கு மக்கிய மாட்டெரு கிடைத்தால் செடியைச் சுற்றிப் போடுங்கள். அடுத்த போகத்துக்கு மண்ணைப் பரிசோதித்து, நடுவதற்கு இரண்டு மூன்று வாரம் முன்பே புளிப்பைக் குறைக்கும் டொலமைட் சுண்ணாம்புத் தூள் இடுங்கள்.

மலைச்சாரல்:
டொலமைட்டுக்கு ஏன் காசு? லயத்து அடுப்புச் சாம்பல் இருக்கிறதே. புளிப்பையும் குறைக்கும், பொட்டாசியமும் கொடுக்கும்.

மண்வாசன்:
பச்சைக் கோழி எருவோடு சாம்பலைச் சேர்த்தால் நைதரசன் அமோனியாவாகப் பறந்துவிடும். அரைகுறை வைத்தியம் சொல்லாதீர்கள்.

மலைச்சாரல்:
2021 மே மாதம் இலங்கை அரசாங்கம் இரசாயனப் பசளை இறக்குமதியைத் தடை செய்தபோது எங்கள் வீட்டு அடுப்பை எரியவைத்தது அந்தச் சாம்பலும் கூட்டெருவும்தான்.

மண்வாசன்:
உங்கள் வீட்டை என்று சொல்லுங்கள். நவம்பரில் தடையை நீக்குவதற்குள் எங்கள் பக்கத்தில் கிழங்குப் பாத்திகள் தரிசாகிவிட்டன. எரு, தழை போன்ற சேதனப் பசளையால் எல்லாம் முடியும் என்பவர்களோடு எனக்குப் பேச்சில்லை.

ஊவா மகள்:
சேதனப் பசளை என்ன குற்றம் செய்தது? கூட்டெரு பக்குவப்படவே சில மாதம் வேண்டும். விதைக்கிற வேளையில் வந்த உத்தரவு அந்த அவகாசத்தைத் தரவில்லை. கோபத்தை எருவின் மேல் காட்டாதீர்கள்.

வெலிமடை அண்ணன்:
இதைத் தனி இழையில் பேசுங்கள். தம்பி, வேரைப் பார்த்தீர்களா?

ஹட்டன் மழை:
ஐந்து செடி தோண்டினேன். நான்கில் முடிச்சே இல்லை. ஐந்தாவது, அம்மா சாம்பல் கொட்டும் ஓரத்தில் நின்ற செடி. அதில் ஏழு முடிச்சு, உள்ளே இளஞ்சிவப்பு. தழை ஊறவைத்துவிட்டேன். அனைவருக்கும் நன்றி, மழை பிடித்துக்கொண்டது.

மலைச்சாரல்:
சாம்பல் ஓரம்! நான் சொன்னேனே.

மண்வாசன்:
அது பழைய சாம்பல், பச்சை எருவோடு கலந்ததல்ல. இருந்தாலும், தம்பி, தோண்டிப் பார்த்தது நல்ல காரியம்.

ஊவா மகள்:
தம்பி, இரண்டு வாரமாகிறது. புது இலை பச்சையாக வந்ததா?