பிரேக் மிதித்தால் இண்டிகேட்டரும் எரிகிறது, வயரிங் முழுக்க மாற்றணுமா?

மீன்லோடு_தூத்துக்குடி:
வணக்கம். மீன் லோடு அடிக்கிற மினி லாரி, பழைய வண்டி. கொஞ்ச நாளாக இடது பின் விளக்கு பாடாய்ப் படுத்துகிறது. பிரேக்கை மிதித்தால் அந்தப் பக்கத்து பிரேக் லைட் மங்கலாகத்தான் எரிகிறது, கூடவே இடது இண்டிகேட்டரும் லேசாக மினுங்குகிறது, டேஷ்போர்டில் பச்சை அம்புக்குறி கூட. ராத்திரி ஹெட்லைட் போட்டுக்கொண்டு மிதித்தால் இன்னும் மோசம், எரிந்துகொண்டிருந்த டெயில் லைட்டும் சேர்ந்து அணைகிற மாதிரி ஆகிவிடுகிறது. வலது பக்கம் ஒரு குறையும் இல்லை. புது பல்ப் போட்டாச்சு, பியூஸ் நன்றாக இருக்கிறது. கடையில் காட்டினால் பின்பக்க வயரிங்கையே மாற்றணும் என்கிறார்கள். எஃப்.சி. (வண்டித் தகுதிச் சான்று) வேறு நெருங்குகிறது. விடியற்காலை இருட்டில் பைபாஸில் பின்னால் வருகிறவனுக்கு நான் பிரேக் போடுவது தெரியாமல் போனால் என்ன ஆகும் என்று பயமாக இருக்கிறது. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஆட்டோ_எலக்ட்ரிக்:
தம்பி, வயரிங்கைப் பிரிக்க விடாதீர்கள். நீங்கள் சொல்வதெல்லாம் எர்த், அதாவது கரண்டு பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்புகிற வழி, போன அறிகுறி. அந்த லேம்ப்பில் டெயில், பிரேக், இண்டிகேட்டர் மூன்றுக்கும் ஒரே எர்த் வயர்தான், பெரும்பாலும் கறுப்பு. அது விட்டுப்போனால் பிரேக் கரண்டு திரும்ப வழியில்லாமல் இண்டிகேட்டர் பல்ப் வழியாக ஏறி, முன் இண்டிகேட்டர் வரை போய் அங்கே எர்த்தைத் தேடிக்கொள்ளும். அதனால்தான் அம்புக்குறி மினுங்குகிறது. ஹெட்லைட் போட்டால் டெயில், பிரேக் இரண்டு லைனிலும் 12 வோல்ட் வந்துவிடும், கரண்டு இறங்க இடமில்லை, அப்போது பல்ப்புக்குள் இருக்கிற டெயில், பிரேக் இரண்டு இழையும் மங்கும்.

சோதிப்பது சுலபம். நீளமாக ஒரு வயர் எடுத்து ஒரு முனையை பேட்டரி நெகட்டிவிலும் மறு முனையை லேம்ப்பின் எர்த் பின்னிலும் வையுங்கள். மற்ற பின்னில் பட்டால் பியூஸ் போய்விடும், கவனம். ஒருவரை பிரேக் மிதிக்கச் சொல்லுங்கள். எல்லாம் பளிச்சென்று எரிந்தால் எர்த்தேதான். மல்டிமீட்டர் இருந்தால் அந்த எர்த் பின்னுக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவில் பிரேக்கை மிதித்தபடி வோல்ட் பாருங்கள், 0.2க்குள் இருக்கணும். வயர் தொடர்பு இருக்கிறதா என்று மீட்டரில் பார்க்கும்போது பீப் சத்தம் வருகிறதே என்று மட்டும் நம்பிவிடாதீர்கள், வயரில் ஒரே ஒரு செம்பு இழை ஒட்டிக்கொண்டிருந்தாலும் பீப் அடிக்கும், ஆனால் 21 வாட் பிரேக் பல்ப் இழுக்கிற ஒன்றே முக்கால் ஆம்பியரை அந்த ஒரு இழை தாங்காது.

லாரிக்காரன்:
அண்ணன் சொன்னது சரி. அப்புறம் ஹோல்டரையும் ஒரு தடவை பாருங்கள். 21/5 வாட் பல்ப்பில் (பிரேக்குக்கு 21, டெயிலுக்கு 5) பக்கத்துக் குமிழ் இரண்டும் ஒரே உயரத்தில் இருக்காது, ஹோல்டர் தேய்ந்திருந்தால் அமுக்கித் திருப்பும்போது தலைகீழாக மாட்டிக்கொள்ளும், அப்போது டெயிலும் பிரேக்கும் இடம் மாறிவிடும். எல்.ஈ.டி. போட்டால் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். எர்த் கெட்டிருந்தால் அதுவும் தாறுமாறாகத்தான் எரியும், இண்டிகேட்டரில் போட்டால் படபடவென்று வேகமாக வேறு அடிக்கும்.

மீன்லோடு_தூத்துக்குடி:
தனி வயர் கொடுத்ததும் பளிச்சென்று எரிந்தது அண்ணே! மீட்டரில் 4 வோல்ட்டுக்கு மேல் காட்டியது. எர்த் வயரைப் பிடித்துக்கொண்டே போனால், ஐஸ் பெட்டித் தண்ணீர் வடிகிற மூலையில் சேஸிஸில் (வண்டியின் இரும்புச் சட்டத்தில்) போல்ட் போட்டிருக்கிறார்கள். நட்டைத் திருகினால் லக் (வயர் முனையில் இருக்கிற உலோக வளையம்) பொடியாக உதிர்கிறது, வயருக்குள் செம்பு முழுக்கப் பச்சை பூத்துக் கிடக்கிறது. புது லக் போட்டு அதே இடத்தில் முறுக்கிவிடலாமா?

ஆட்டோ_எலக்ட்ரிக்:
அதே இடம் வேண்டாம், மறுபடியும் உப்புத் தண்ணீர்தான் குடிக்கும். பச்சை பூத்த வயரை நல்ல செம்பு தெரிகிற வரை வெட்டி எறியுங்கள். புது வயரை சால்டர் வைத்து, சூடுபட்டால் சுருங்குகிற ஸ்லீவ் போட்டுச் சுருக்குங்கள். முறுக்கி டேப் சுற்றினால் டேப்புக்குள் ஈரம் தங்கிவிடும். தண்ணீர் வடியாத மேல் பக்கமாக ஒரு போல்ட் பிடித்து, உப்புத்தாளால் பெயிண்ட்டைத் தேய்த்து இரும்பு பளபளக்கணும், லக்கை இறுக்கின பிறகு மேலே கிரீஸ் தடவுங்கள். அதே கையோடு வலது பக்க போல்ட்டையும் கழற்றிப் பார்த்துவிடுங்கள், அதற்கும் இதே வயசுதான்.